சூலக்குறிக் குதிரை

எனக்கு அரிச்சுவடி தெரிவதற்கு முன்பே மாட்டுக்குறி தெரியும். எங்கள் பழுகாமத்தில் அதைப் பெரிய கெட்டித்தனம் என்று சொல்ல முடியாது. மாடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ள அதைவிடக் கூடுதலாகத் தெரியும். பிற்காலத்தில் நான் வாத்திச்சியாகப் போனதற்கும் இந்தக் குணம்தான் காரணம் என்று என் பிள்ளைகள் சொல்வதுண்டு.

குறியைப் பற்றிச் சொல்வதற்கு முன் குடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. அப்பா அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த வேறு குடிக்காரர். ஒரு குடிக்குள் பிறந்தவர்கள், முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும், அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கலியாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குடி மனிதருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், மாட்டுக்கும் உண்டு. ஒவ்வொரு குடிக்கும் ஒரு குறி. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மாட்டின் பின்தொடையில் சுட்டுவிடுவார்கள். காட்டில் மேய்ந்த மாடு யாருடைய வயலில் இறங்கினாலும் தொடையைப் பார்த்தால் போதும், எந்தக் குடிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கள் குடிக்குச் சூலம். ஒரு தண்டு, மேலே மூன்று முனை.

அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் எனக்கு மாமா, தங்கை சின்னம்மா. அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் காலமாகிவிட்டதால் சின்னம்மாவின் கலியாணம் மாமாவின் தலையில் இருந்தது. சின்னம்மாவுக்கென்று எங்கள் வளவிலேயே ஒரு வீடு கட்டி, கதவு மாத்திரம் போடாமல் விட்டிருந்தார் மாமா. வீடும் வயலும் மாடும் பெண்பிள்ளைக்கு. வருகிற மாப்பிள்ளை உடுத்த வேட்டியோடு வந்தால் போதும். ஆனால் அந்த மாப்பிள்ளை யார் என்பதில்தான் ஒரு சிக்கல்.

கரடியனாறு என்கிற ஊரில் ஒருவர் இருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். அறுவடைக் காலத்தில் சூடு மிதித்து நெல்லைப் பிரிப்பதற்கு எருமை கொண்டுவருவார், மற்ற நாட்களில் தயிர் கொண்டுவருவார். அவரைப் பெற்ற தாய் கல்குடாப் பக்கத்திலிருந்து வேளாண்மை வெட்டுக்குக் கூலியாக வந்த பெண். பிள்ளையைப் பெற்ற பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளையில்லாத ஒரு கரடியனாற்றுக்காரி அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தார். வளர்த்தவர் எங்கள் குடி. சாகும்போது தன் மாட்டுப் பட்டி முழுவதையும் வளர்ப்பு மகனுக்கே விட்டுப் போனார். அதனால் அவர் ஓட்டிக்கொண்டு வந்த மாடுகளின் தொடையிலெல்லாம் எங்கள் சூலம் இருந்தது.

சின்னம்மாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. இன்றைக்கு இதை ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், தயிர்ச் சட்டியைக் கழுவிக் கொடுக்கும் வேலையை அவர் வருகிற நாளில் மட்டும் சின்னம்மா வேறு யாருக்கும் விடமாட்டார் என்பதுதான். மாமாவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. மாட்டைப் பற்றி மாமாவுடன் எதிர்த்துப் பேசி வென்ற ஒரே ஆள் அவர். மாமா தன்னை வென்றவர்களை மதிக்கிறவர், அப்படி அதிகம் பேர் இல்லாததால் அது அவருக்குக் கஷ்டமாகவும் இல்லை. ஊரில் ஒவ்வொருவரும் “சூலக்காரன் நம்மட குடியல்லவா, எப்படி முடிக்கிற?” என்று கேட்டார்கள். மாமா அசையவில்லை.

“பெத்த தாயிர குடிதான் குடி. வளத்தவ குடுத்த மாட்டுல இரிக்கிற குறியைப் பாத்து மனிசனுக்குக் குடி சொல்லலாமா?” என்று அம்மாவிடம் சொன்னார். “வெட்டு முடியட்டும். கல்குடாவுக்குப் போய் அந்தத் தாயிர ஆக்களைத் தேடி விசாரிச்சுக்கொண்டு வாறன். வேற குடியெண்டு தெரிஞ்சா அடுத்த முகூர்த்தத்தில கலியாணம்.”

சின்னம்மா அப்போது அடுப்படியில் இருந்தார். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இந்த வீட்டு விவகாரங்களில் அவர் வேறு குடிக்காரர்.

வெட்டு முடிந்தது. சூடு மிதித்து நெல்லும் வீடு சேர்ந்தது. மாமா கல்குடாவுக்குப் போக ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் வாவியைக் கடந்து இரண்டு தோணிகளில் கூடாரப் படம் வந்து இறங்கியது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய காலம். பட்டினங்களில் படம் பேசத் தொடங்கி வெகுநாளாகிவிட்டது என்றார்கள். எங்களிடம் வந்தது பேசாத படம். பட்டினத்தில் பேசி அலுத்த பிறகு எங்களுக்கும் பேசுகிற படம் வரும் என்று நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.

களத்தில் கூடாரம் அடித்தார்கள். நடுவே ஒரு கயிறு, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். வெளியே எஞ்சின் இரைந்தது. படம் பேசாததால் பேசுவதற்கென்று ஒரு மெலிந்த மனிதரையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழலில் கதை சொல்வார். இடையிடையே திரையில் இங்கிலீசு எழுத்து வரும். அவருக்கும் இங்கிலீசு எங்களளவுதான் என்று பிறகு தெரியவந்தது. ஆனால் குரல் நல்ல குரல். எழுத்து வருகிற நேரத்தைச் சனங்கள் வெற்றிலை போடவும் முன்னால் இருப்பவரின் தலையை ஒதுக்கச் சொல்லவும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அமெரிக்கப் படம் என்றதும் பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். வெள்ளைக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் கூடாரம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. திரையில் மாடு வந்தது. பத்து, நூறு, ஆயிரம் மாடு. புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்கள் தலைமேலேயே விழுந்துவிடும் போல ஓடியது. பின்னால் குதிரைமேல் ஆட்கள் சுருக்குக் கயிற்றை வீசிக்கொண்டு விரட்டினார்கள். சீமையில் துரைமார் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள் என்று நினைத்திருந்த எங்களுக்கு, அங்கேயும் மனிதர் மாட்டுக்குப் பின்னால் ஓடி, வேர்த்து, திட்டித்தான் பிழைக்கிறார்கள் என்று கண்டதில் சொல்ல முடியாத சந்தோஷம். இப்போது யோசித்தால் அந்தப் படத்தின் வசியமெல்லாம் அதுதான்.

கதையில் வந்தவர்களுக்கு எங்கள் ஊரே பெயர் வைத்தது. பெரிய மாட்டுப் பட்டிக்குச் சொந்தக்காரி ஒரு கைம்பெண்; எங்கள் பக்கத்தில் வயலும் மாடும் பெருத்தவர் போடியார், அதனால் அவர் போடியாரம்மா. அவருக்கு ஒரே மகள். அமெரிக்காவிலும் வீடும் மாடும் பெண்பிள்ளைக்குத்தான் போகிறது என்று கண்டு பெண்கள் பக்கம் தலையாட்டிக்கொண்டது. எங்கிருந்தோ ஒற்றையாக வந்து சேரும் வாலிபன் தொப்பிக்காரன். எவ்வளவு புழுதியில் புரண்டு சண்டை பிடித்தாலும் அவன் சட்டை கசங்கவில்லை. போடியாரம்மாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான், அதனால் மரியாதை தெரிந்த பொடியன் என்று பெயர் எடுத்தான். அவனுக்கு எதிரி மாட்டுக் கள்ளன். ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பான். அவன் செத்துப்போக வேண்டும் என்று எல்லோரும் விரும்பினாலும், மறுநாள் ஊரில் பாதி இளந்தாரிகள் ஒற்றைப் புருவத்தோடுதான் திரிந்தார்கள்.

குறையும் சொன்னார்கள். மாட்டுக்கு முதுகில் திமிலாக எழும்பும் ஏரி இல்லை என்றார்கள். இத்தனை மாடு வைத்திருந்தும் ஒரு சொட்டுப் பால் கறக்கக் காணோம், தயிர்ச் சட்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, இதென்ன பட்டி என்றார்கள். தொப்பிக்காரன் கைத்துவக்கை ஒரு தடவைகூட நிரப்பாமல் பதினேழு வெடி வைத்தான் என்று நான் எண்ணிச் சொன்னேன். ஆனால் குதிரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆயிரம் மாட்டுக்குள் ஒரு மாட்டைப் பிரித்துக் காட்டக்கூடிய ஊர் எங்களுடையது. குதிரை என்றால் கோயில் வாகனத்தில் கண்டதோடு சரி, எங்களுக்கு எல்லாக் குதிரையும் ஒரே குதிரைதான்.

குறி சுடுகிற காட்சி வந்தபோது கூடாரமே கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தது. இரும்பு பழுத்தது, கன்று துடித்தது, புகை எழுந்தது. தொடையில் பதிந்த குறியைப் பக்கத்தில் காட்டினார்கள். ஒரு தண்டு, மூன்று முனை. அது அந்த நாட்டில் வைக்கோல் கிளறுகிற முள்ளாக இருக்கலாம் என்று எனக்குத் தெரிய இன்னும் முப்பது வருடம் இருந்தது. அன்றைக்கு அது சூலம், ஐயத்துக்கு இடமில்லை.

ஆண்கள் பக்கம் மாமா மெதுவாக எழுந்து நின்று சுற்றிவரப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். போடியாரம்மா எங்கள் குடி. மாமாவுக்குத் தங்கை முறை.

முதல் நாள் படம் நல்லபடி முடிந்தது. தொப்பிக்காரன் மாட்டுக் கள்ளனை வென்றான், போடியாரம்மா மகளின் கையை எடுத்து அவன் கையில் வைத்தார், ஒரு பாதிரியார் வந்தார், எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழிநெடுகச் சிரித்தார். எதைச் சொன்னாலும் சிரித்தார். தாயும் தகப்பனும் யாரென்று தெரியாத ஒருவனுக்கு அவ்வளவு பெரிய பட்டிக்காரி மகளைக் கொடுத்ததை ஊரே கைதட்டி ஏற்றுக்கொண்ட நாள் அது. அந்தக் கைதட்டலில் கரடியனாற்றுக்காரரின் சத்தமும் இருந்தது. மறுநாள் காலை தயிர் கொண்டு வந்தபோது அவர் கழுத்தில் தொப்பிக்காரனைப் போல ஒரு லேஞ்சித் துண்டு கட்டியிருந்தார். சின்னம்மா சட்டியை வழக்கத்தைவிட நிதானமாகக் கழுவினார்.

அன்று முழுவதும் மாமா ஊரில் தலைநிமிர்ந்து திரிந்தார். சீமையில் ஒரு தங்கை, ஆயிரம் மாட்டுக்குச் சொந்தக்காரி, அதுவும் தாலி அறுத்தவள், பொறுப்பான தமையன் வேறென்ன செய்ய முடியும். கடையடியில் யாரோ, “உங்கட மருமகளுக்குக் கலியாணமாம், சொல்லவே இல்ல” என்று பகிடி பண்ணியதற்கு, “அவசரமான காரியம், நேத்துத்தான் எனக்கே தெரியும்” என்று சிரிக்காமல் பதில் சொன்னாராம்.

இரண்டாம் நாளும் அதே படம். ஒருவரும் குறையவில்லை, பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மா, சின்னம்மா, நான், பெண்கள் பக்கத்தில் கயிற்றோரமாக இடம் பிடித்தோம். கதை தெரிந்துவிட்டதால் நான் கதையைப் பார்க்கவில்லை, தொடைகளைப் பார்த்தேன். வந்த மாட்டிலெல்லாம் சூலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நடுவில் ஓரிடத்தில் எழுத்து வந்தது, சனம் வெற்றிலை போட்டது, எழுத்துப் போனது. போடியாரம்மா ஒரு குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். தகரக் குழல்காரர், “தொப்பிக்காரருடைய குதிரையைப் போடியாரம்மா மெச்சுகிறார்” என்றார். தொப்பிக்காரன் ஏறினான். குதிரை எங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பியது. கண்மூடித் திறக்கும் நேரம்தான். நான் கண்டுவிட்டேன்.

அதோடு சுருள் முடிந்தது. அடுத்த சுருள் மாட்டுவதற்காக விளக்கைப் போட்டார்கள். நான் பாயிலிருந்து எழுந்து நின்றேன். சின்னம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து, “இரி புள்ள, இரி” என்றார். நான் இருக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் பார்த்து, என்னால் முடிந்த அளவு உரத்துச் சொன்னேன். “மாமா, தொப்பிக்காரர்ர குதிரையிலயும் நம்மட சூலம் இரிக்கி.”

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு கிழவர் ஓம், தானும் கண்டதாகச் சொன்னார். பிறகு கண்டவர்களின் தொகை வளர்ந்துகொண்டே போனது. குதிரையில் சூலம் என்றால் குதிரைக்காரன் சூலக்காரன். போடியாரம்மா சூலம் என்றால் மகளும் சூலம். ஒரு குடி. அண்ணன் தங்கை. நேற்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியது என்ன கண்ணராவிக்கு என்று விளங்கியதும் கூடாரம் கலங்கிவிட்டது. பெண்கள் பக்கத்தில் ஒருவர் “சிவ சிவா” என்று காதைப் பொத்திக்கொண்டார். தகரக் குழல்காரர், “அது அமெரிக்கா, அங்கே குடியில்லை” என்று சொல்லிப் பார்த்தார். குடியில்லாமல் குறி எப்படி வந்தது என்று கேட்டதும் குழலைத் துடைக்கத் தொடங்கினார்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். நியாயம்தானே, பெண்ணுக்குத் தாய்மாமன் அவர்தான். மாமா எழுந்தார். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் மாமா. சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“குறி ஒண்டெண்டா குடி ஒண்டு. குடி ஒண்டெண்டா கலியாணம் இல்ல. அவன் எங்க பிறந்தான், எங்க வளந்தான் எண்ட கதையெல்லாம் மறுகா பாப்பம். மாட்டுல இரிக்கிற குறி பொய் சொல்லாது. தாய்மாமன் நான் இரிக்கக்குள்ள இந்தக் கலியாணம் நடவாது.”

நேற்றைவிடப் பெரிய கைதட்டல். நான் மாமாவைவிட நிமிர்ந்து நின்றேன். திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தேன், அவருக்கும் பெருமையாக இருக்கும் என்று நினைத்து. சின்னம்மா ஆண்கள் பக்கத்தின் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரடியனாற்றுக்காரர் எழுந்து, கூடாரச் சீலையை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனார். வெற்றிலை துப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி வரவில்லை.

மிச்சப் படத்தைத் தகரக் குழல்காரர் ஊருக்கேற்றபடி மாற்றிக்கொண்டார். போடியாரம்மா கையை எடுத்துக் கையில் வைக்கும் இடம் வந்ததும் படம் ஓட்டுகிறவரிடம் ஏதோ சாடை காட்டினார், வெளிச்சத்தின் குறுக்கே ஒரு கை வந்து திரை இருண்டது. அந்தக் கை யாருடையது என்று தெரியாவிட்டாலும் சனம் அதற்கும் கைதட்டியது. மூன்றாம் நாள் கடைசிச் சுருளையே மாட்டவில்லையாம். தொப்பிக்காரன் மாட்டுக் கள்ளனை வென்றுவிட்டு, குதிரையில் ஏறி, தனியே மலைப்பக்கம் போவதோடு முடித்துவிட்டார்களாம். தங்கையென்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போன அவனுடைய யோக்கியத்தைக் கண்டு சிலர் அழுததாகவும் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் இரவு தூங்கி எழுந்தபோதே மாமாவுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, கல்குடாவுக்குப் போகிற பயணத்தைப் பற்றித் தானாகவே பேச்செடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கோயில் வண்ணக்கர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எங்கள் குடிக்குப் பெரிய மனிதர். கோயில் காரியமும் குடிக் காரியமும் அவர் சொல்லைத் தாண்டாது. வெற்றிலைத் தட்டைத் தொடாமல் இருந்தார்.

“நேத்து நீங்க சொன்னது முறையான தீர்ப்பு,” என்றார். “ஊரெல்லாம் அதே பேச்சு.”

மாமா, அது வெறும் படம், பகிடிக்குச் சொன்னது என்றார்.

“படமெண்டா ஏன் எழும்பி நிண்டு தடுத்த நீங்க? அமெரிக்காவுக்கு ஒரு முறை, நம்மட வளவுக்கு ஒரு முறை எண்டு இரிக்கிறயா? கரடியனாத்துப் பொடியனிர மாட்டுல என்ன குறி?”

பெற்ற தாயின் குடிதான் குடி என்று மாமா அம்மாவிடம் சொன்னது அடுப்படி வாசலில், கேட்டவர்கள் மூன்று பேர். குறி பொய் சொல்லாது என்று சொன்னது கூடாரத்தில், கேட்டவர்கள் நாலு ஊர்ச் சனம். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிறவன் மனிதனா என்று ஊரில் எத்தனையோ பேரைக் கேட்டவர் மாமா. தன்னைத்தானே அப்படிக் கேட்டுக்கொள்ள அவரால் முடியவில்லை. எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அவர் கெட்டவர் அல்ல. வாயால் கெட்டவர். நானும் அந்த இனம்தான்.

கல்குடாவுக்கு மாமா போகவில்லை. அந்த மாதம் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. அந்தப் பெண்ணின் குடி என்னவென்று இன்றுவரை எங்கள் பக்கத்தில் ஒருவரும் போய் விசாரிக்கவில்லை. கரடியனாற்றுக்காரர் தயிர் கொண்டுவருவதை நிறுத்தினார். அடுத்த போகத்துக்கு எருமையோடு வேறு ஆள் வந்தார். பட்டியை விற்றுவிட்டுத் திருகோணமலைக்குப் போய்விட்டார் என்று அந்த ஆள்தான் சொன்னார். கதவு போடாமல் கிடந்த வீட்டுக்குக் கதவு போட்டார்கள். சின்னம்மாவுக்கு வாவிக்கு அக்கரை எழுவான்கரையிலிருந்து மாப்பிள்ளை வந்தார். குடி சரி, நல்ல மனிதர், கோபம் தெரியாதவர். நாலு பிள்ளைகள் பிறந்தார்கள். சின்னம்மா அந்த வீட்டை மெழுகித் துடைத்து வைத்திருந்தது போல ஊரில் யாரும் வைத்திருக்கவில்லை. இதையெல்லாம் நான் குறை சொல்ல முடியாது.

எனக்குப் பரிசு கிடைத்தது. நாலு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு நாள் இருந்து காணாததை ஒரு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை கண்டுபிடித்தாள் என்று எல்லோரும் மெச்சியபோது, மாமா சும்மா இருக்க முடியாமல் தன் பட்டியிலிருந்து ஒரு நாகு கன்றை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். சொல்லை மாற்றாதவரல்லவா, தீர்ப்புச் சொன்ன நாலாம் நாள் அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் வளவில் கட்டினார். சிவப்புக் கன்று, நெற்றியில் வெள்ளை. குறி சுட்டுப் புண் ஆறாத புதுச் சூலம். அதை விட்டு நான் சாப்பிடக்கூடப் போகவில்லை.

அன்று பின்னேரம் நான் கன்றின் புண்ணுக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது சின்னம்மா பக்கத்தில் வந்து குந்தினார். பட்டினத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னம்மா ஐந்து வருடம் தங்கிப் படித்தவர். எங்கள் வீட்டில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதை வாசிக்கவும் அரசாங்கக் கச்சேரிக் கடுதாசி வந்தால் வாசிக்கவும்தான் அது பயன்பட்டது. கன்றின் முதுகைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அது அவர்ர குதிரை இல்ல, புள்ள.”

“எது?”

“தொப்பிக்காரர் ஏறின குதிரை. அவர்ர குதிரை நொண்டியாப் போச்சு. போடியாரம்மா தன்ட குதிரையில ஒண்டை ஏறிப்போகச் சொல்லிக் குடுத்தவ. எழுத்து வந்ததே, அதில இரிந்தது. ரெண்டு நாளும் வாசிச்சன்.”

நான் கண்டுபிடித்தது தவறு என்று நாலு ஊரும் அறிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஆனாலும் உண்மை தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். “மாமாக்குச் சொல்லட்டா?” என்று கேட்டேன்.

சின்னம்மா என்னை அப்போதுதான் பார்த்தார். “வேணாம்,” என்றார்.

“அப்ப நீங்களாவது அங்கயே சொல்லியிருக்கலாமே?”

சின்னம்மா வேப்பெண்ணெய்ச் சிரட்டையை என் கையிலிருந்து வாங்கி, நான் பூசாமல் விட்ட ஓரத்தில் தானே பூசினார். கன்று துள்ளியபோது அதன் காதடியில் மெதுவாக ஊதினார்.

கலியாணமாகாத ஒரு பெண், நாலு ஊர்ச் சனத்துக்கு முன்னால் எழுந்து நின்று, ஒரு ஆணுக்காக ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல் யாருக்காகச் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் வேறொரு காரணம் கண்டுபிடித்தேன், கண்டுபிடிப்பதில்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே. உண்மை தெரிந்தால் மாமா கன்றைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார், நான் அழுவேன், அதற்காகத்தான் சின்னம்மா சொல்ல வேண்டாம் என்கிறார் என்று முடிவு செய்தேன். அந்தக் கன்று வளர்ந்து, பசுவாகி, ஏழு ஈற்று ஈன்றது. அதுவரைக்கும், எனக்காக வாயை மூடிக்கொண்ட நல்ல சின்னம்மா என்று எதை மறைத்தார் என்று மட்டும் சொல்லாமல் அவரைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.